வில்லங்கம் பார்க்காத பத்திரம்

அப்பா 36 வருஷம் பத்திர எழுத்தராக இருந்தவர். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு சார்பதிவாளர் அலுவலகம், எதிரே ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு சாய்வு மேசை, முத்திரைத்தாள் வைக்க ஒரு தகரப் பெட்டி. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, உயில் என்று எதை எழுதினாலும் கையெழுத்து கோடு போட்ட மாதிரி நிற்கும். ஓய்வெடுத்து எட்டு வருஷமாகியும் எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் திருப்புவார். யார் கையெழுத்து, யார் சாட்சி, எழுதியவர் யார். விஷயம் என்ன என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

போன அக்டோபரில் அம்மாவும் அவரும் வந்திருந்தபோது பிளிமத்துக்கு அழைத்துப் போனேன். நாங்கள் இருப்பது அமெரிக்காவில், பாஸ்டனுக்கு மேற்கே. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது வழக்கமாகிவிட்டது. 1620இல் இங்கிலாந்திலிருந்து மேஃப்ளவர் கப்பலில் குடியேற வந்தவர்கள் காலடி வைத்ததாகச் சொல்லப்படும் பாறை அங்கே இருக்கிறது. பெரிய தூண் மண்டபம் கட்டி, கீழே குழியில் மணல் பரப்பி, நடுவில் அதை வைத்திருக்கிறார்கள். மேலே ‘1620’ என்று செதுக்கியிருக்கும். எட்டிப் பார்த்த அம்மா, “நம்ம படித்துறைக் கல்லு இதைவிடப் பெரிசு” என்றாள். அப்பா மட்டும், “இதுதான் அந்தக் கல்லுன்னு யார் சொன்னது?” என்று கேட்டார். 1741இல், 90 வயதைக் கடந்த ஒரு கிழவர் சொன்னார் என்றேன். கப்பல் வந்து 121 வருஷம் கழித்து. அப்பா அதற்குமேல் அந்தக் கல்லைப் பார்க்கவில்லை.

அவரைப் பிடித்து நிறுத்தியது பக்கத்துத் தெருவில் இருக்கும் பில்கிரிம் ஹால் அருங்காட்சியகம். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் ஒரு நிலப் பட்டயம் இருக்கிறது. 1621 ஜூன் 1 தேதியிட்டது. நியூ இங்கிலாந்துக் குடியேற்ற மன்றம் கொடுத்தது. கையெழுத்துகளும் முத்திரைகளும் இன்னும் இருக்கின்றன. மற்ற கண்ணாடிப் பெட்டிகளில் வாள் இருந்தது, பைபிள் இருந்தது. அப்பா இதன் முன்னால்தான் பத்து நிமிஷம் நின்றார்.

“இது எப்பம்மா இங்க வந்து சேர்ந்தது?”

“1621 நவம்பர்ல. ஃபார்ச்சூன்னு அடுத்த கப்பல் கொண்டுவந்தது.”

“இவங்க வந்தது?”

“1620 நவம்பர்.”

“அப்ப நடுவுல ஒரு வருஷம் எந்தப் பத்திரத்துல உட்கார்ந்திருந்தாங்க?”

கரையிறங்குமுன் அவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட மேஃப்ளவர் ஒப்பந்தத்தைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். அதன் முழுக் காரணமும் இந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கதை இப்படி. இங்கிலாந்தின் திருச்சபையோடு ஒத்துப்போக முடியாமல் பிரிந்து, ஹாலந்தில் லெய்டன் நகரத்தில் பத்து வருஷத்துக்கு மேல் குடியிருந்த ஒரு சிறு கூட்டம், கடல் தாண்டிப் போவதென்று முடிவெடுத்தது. கையில் காசில்லை. லண்டன் வணிகர்கள் சிலர் முதல் போட்டார்கள். ஏழு வருஷக் கூட்டு வியாபாரம் என்று பேச்சு. ஆள் போதாது என்று, கூட்டத்தோடு சம்பந்தமே இல்லாத குடும்பங்களும் கூலியாட்களும் சேர்க்கப்பட்டார்கள். ஏறக்குறைய 102 பயணிகள். லெய்டன்காரர்கள் தங்களைப் ‘புனிதர்கள்’ என்றும் மற்றவர்களை ‘அந்நியர்கள்’ என்றும் நினைத்துக்கொண்டார்கள். அவர்கள் கொண்டுவந்த அனுமதி வர்ஜீனியாக் கம்பெனி கொடுத்தது. ஹட்சன் ஆற்று வாய்ப்பகுதியில் குடியேறலாம், அவ்வளவுதான். 66 நாள் கடலில் அலைந்து, 1620 நவம்பரில் கரை தெரிந்தபோது அது கேப் காட். வெகு தூரம் வடக்கே வந்துவிட்டார்கள். தெற்கே திருப்பிப் பார்த்தார்கள். மணல்திட்டும் சுழலும் கப்பலை விழுங்கப் பார்த்தன. திரும்பிவந்து இன்றைய ப்ராவின்ஸ்டவுன் துறைமுகத்தில் நங்கூரம் போட்டார்கள். குளிர்காலம் தொடங்கிவிட்டது. கையிலிருந்த காகிதம் அந்த மண்ணுக்குச் செல்லாது.

“செக்குபந்தியே தப்பு” என்றார் அப்பா. பத்திரத்தில் எழுதும் நாலு பக்க எல்லை விவரம்தான் செக்குபந்தி.

கப்பலில் இருந்த ‘அந்நியர்கள்’ சிலரும் இதைக் கவனித்துவிட்டார்கள். கரையிறங்கியதும் நாங்கள் எங்கள் இஷ்டப்படி இருப்போம், எங்களுக்குக் கட்டளையிட யாருக்கும் அதிகாரம் இல்லை, அனுமதி வர்ஜீனியாவுக்கு, இது வர்ஜீனியா இல்லை என்று பேசினார்கள். பின்னால் அந்தக் குடியேற்றத்தின் ஆளுநராகி ஏறக்குறைய முப்பது முறை தேர்ந்தெடுக்கப்பட்ட வில்லியம் பிராட்ஃபோர்ட், இதைக் கலகப் பேச்சு என்றே எழுதிவைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் அது கலகப் பேச்சைவிட வக்கீல் பேச்சு. அவர்கள் சொன்னது சட்டப்படி சரி.

அந்தப் பேச்சை அடக்க எழுதியதுதான் ஒப்பந்தம். பழைய நாட்காட்டிப்படி நவம்பர் 11, இன்றைய கணக்கில் 21. ஆங்கிலத்தில் 200 சொல் இருந்தால் அதிகம். கடவுளின் பெயரால் என்று தொடங்கி, ஜேம்ஸ் அரசருக்குப் பணிவு சொல்லி, கடவுள் முன்பும் ஒருவர் முன் ஒருவரும் உடன்பட்டு ஒரே குடிமக்கள் அமைப்பாக ஒன்று சேர்கிறோம் என்கிறது. குடியேற்றத்தின் பொது நன்மைக்கு வேண்டிய நேர்மையும் சமமுமான சட்டங்களையும் பதவிகளையும் அவ்வப்போது ஏற்படுத்துவோம், அவற்றுக்குக் கீழ்ப்படிவோம். அவ்வளவுதான். ஓட்டுரிமை பற்றி ஒரு சொல் கிடையாது. பெரும்பான்மை முடிவு என்றும் எங்கேயும் இல்லை.

சுவரில் இருந்த நகலை நான் வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வர, அப்பா கண்ணை மூடிக் கேட்டார். “எழுதிக் கொடுக்கறவங்களும் அவங்களே, எழுதி வாங்கறவங்களும் அவங்களே. இந்த மாதிரி நான் ஒண்ணுகூட எழுதினதில்லை” என்றார். குரலில் கொஞ்சம் பொறாமை இருந்தது.

இது வானத்திலிருந்து விழுந்த யோசனை இல்லை. ஒரு சபையை ஆரம்பிக்க நாலு பேர் கூடி உடன்படிக்கை செய்துகொள்வது அவர்களுக்குப் பழக்கம்தான். லெய்டனிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய போதகர் ஜான் ராபின்சன், புறப்படும்போது ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார்: நீங்கள் ஓர் அரசியல் அமைப்பாகப் போகிறீர்கள், உங்களில் தனிப்பட்ட மேன்மை உடையவர்கள் யாரும் இல்லை, நீங்களே தேர்ந்தெடுப்பவர்களை மதித்து நடங்கள் என்று. சபை நடத்தத் தெரிந்திருந்த முறையை ஊர் நடத்தவும் எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஜான் குவின்சி ஆடம்ஸ் 1802இல் இதே ஊரில் நின்று, மனித வரலாற்றிலேயே மக்கள் நேரடியாகச் செய்துகொண்ட ஒப்பந்தம் ஒருவேளை இது ஒன்றுதான் என்கிற அளவுக்குப் பேசினார். அந்தப் பெருமையை நான் பாதிதான் ஏற்றுக்கொள்வேன். அவசரத்துக்கு எழுதிய கைச்சாத்து அது.

அப்பா வழக்கம்போலக் கடைசிப் பக்கத்துக்குப் போனார். 41 கையெழுத்து. எல்லோரும் ஆண்கள். வயது வந்த ஆண்களில் பெரும்பாலோர் போட்டிருக்கிறார்கள், கூலியாட்கள் சிலர்கூட. பெண்களை யாரும் கேட்கவில்லை. சாட்சி என்று தனியாக ஒருவரும் இல்லை, கடவுளைத் தவிர.

“அசல் எங்கம்மா?”

அசல் இல்லை. தொலைந்துவிட்டது. வாசகம் 1622இல் லண்டனில் அச்சானது, பெயர்கள் இல்லாமல். கையெழுத்திட்டவர்களின் பட்டியல் அச்சில் வந்தது 1669இல், 49 வருஷம் கழித்து. பிராட்ஃபோர்டின் கையெழுத்துப் பிரதியில் வாசகம் இருக்கிறது. அந்தப் பிரதியே அமெரிக்கச் சுதந்திரப் போர்க் காலத்தில் காணாமல்போய், 1855இல் லண்டன் பிஷப்பின் ஃபுல்ஹாம் மாளிகை நூலகத்தில் கிடைத்து, 1897இல்தான் மாசசூசெட்ஸுக்குத் திரும்பியது. அப்பா தலையை ஆட்டினார். அசல் இல்லாத பத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு நாடே பிறந்த கதை சொல்கிறது என்பதில் அவருக்கு ஏதோ திருப்தி.

அந்தப் பட்டியலில் எனக்குப் பிடித்த பெயர் ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ். 1609இல் வர்ஜீனியாவுக்குப் போன சீ வென்ச்சர் கப்பல் பெர்முடாவில் உடைந்தபோது அதில் இருந்தவர் இவர். கப்பல் உடைந்த அன்றே ஆளுநரின் அதிகாரமும் முடிந்தது, இனி நாங்கள் யாருக்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று தீவில் ஆள் சேர்த்தார். பிடித்து மரண தண்டனை விதித்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளைச் சொல்லி அழுது கெஞ்சி, மன்னிப்பு வாங்கித் தப்பினார். பதினோரு வருஷம் கழித்து, கேப் காடில், அச்சு அசல் அதே வாதம் இன்னொரு கப்பலில் கிளம்புகிறது. அந்தக் கப்பலிலும் இவர் இருக்கிறார். இவர்தான் கிளப்பினார் என்பதற்கு ஆதாரம் இல்லை. எனக்குச் சந்தேகம் இருக்கிறது, அவ்வளவுதான். பட்டியலின் கடைசி இரண்டு பெயர்கள் இவருடைய வேலையாட்கள்: எட்வர்ட் டோட்டி, எட்வர்ட் லீஸ்டர். அடுத்த ஜூனில் இருவரும் வாளும் குத்துவாளும் எடுத்துச் சண்டை போட்டு, 24 மணி நேரம் தலையையும் காலையும் சேர்த்துக் கட்டிவைக்கும் தண்டனை வாங்கினார்கள். ஒரு மணி நேரத்துக்குள் வலி தாங்காமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்து, எஜமான் போய்க் கேட்டு அவிழ்த்துவிடச் செய்தார்.

சரி, ‘சமமான சட்டம்’ என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன். இன்றைக்கு அதைப் படிக்கிறவர்கள் எல்லோரும் சமம், அதனால் சட்டமும் சமம் என்று புரிந்துகொள்கிறார்கள். 1620இல் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு முதல் பொருள் வேறு: ஒருபக்கம் சாயாதது, நியாயமானது. தராசு முள் நடுவில் நிற்கிற மாதிரி. தராசில் நிற்பவர்கள் ஒரே எடை என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவர்கள் படித்த ஜெனீவா பைபிளில், ஒப்பந்தத்தில் வரும் இதே ஜோடிச் சொற்கள் ஓர் இடத்தில் வருகின்றன. கொலோசெயர் நிருபம், நாலாம் அதிகாரத்தின் முதல் வசனம். எஜமான்களுக்குச் சொல்லும் புத்தி அது. நம்முடைய தமிழ் பைபிளில், வேலைக்காரருக்கு “நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள்” என்று இருக்கும். எஜமான் எஜமான்தான், வேலைக்காரன் வேலைக்காரன்தான். அதில் மாற்றமில்லை, ஆனால் கோணல் கூடாது. ஒப்பந்தத்தை எழுதியவர் இந்த வசனத்தை நினைத்துக்கொண்டு எழுதினாரா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கப்பலில் இருந்தவர்கள் காதில் அந்தச் சொற்கள் இந்த வசனமாகத்தான் ஒலித்திருக்கும் என்று நினைக்கிறேன். செவ்வை என்ற சொல் தமிழில் எவ்வளவு சரியாக உட்கார்ந்திருக்கிறது!

அப்படிப் பார்த்தால் ஆரம்பத்தில் அவர்கள் செவ்வையாகவே இருக்கப் பார்த்தார்கள். 1636இல் சட்டங்களைத் தொகுத்தபோது, எங்கள் சம்மதத்தோடு எங்கள் சபையில் செய்யாத எந்தச் சட்டமும் வரியும் எங்களைக் கட்டாது என்று எழுதிவைத்தார்கள். அதே வருஷம் ஹாப்கின்ஸ் ஒருவனை அடித்துக் காயப்படுத்தினார். அப்போது அவர் ஆளுநரின் ஆலோசகர்களில் ஒருவர். அவரே அபராதம் கட்டினார். அமைதியைக் காக்க வேண்டிய பதவியில் இருந்துகொண்டே அதைக் குலைத்தாய் என்று பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். இன்னொரு சமயம், பாஸ்டன் பக்கம் ஒன்பது பென்னிக்குக் கிடைக்கும் முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதினாறு பென்னிக்கு விற்றார் என்று ஒரு வழக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட ஜான் பில்லிங்டன் 1630இல் ஒருவனைச் சுட்டுக் கொன்றபோது, எங்களுக்குத் தூக்குப் போடும் அதிகாரம் உண்டா என்று தயங்கி, அக்கம்பக்கத்துக் குடியேற்றங்களைக் கேட்டுவிட்டு, தூக்கில் போட்டார்கள். அந்த ஊரின் முதல் தூக்கு.

இரண்டாவது தூக்குதான் உண்மையான சோதனை.

1638 கோடையில் ஆர்தர் பீச் என்ற வேலைக்காரனும் இன்னும் மூன்று பேரும் எஜமான்களிடமிருந்து ஓடிப்போனார்கள். டச்சுக்காரர்கள் இருக்கும் பக்கம் போய்விடலாம் என்று திட்டம். பீச் அதற்கு முந்தைய வருஷம் பீக்கோட் என்ற பூர்வகுடி மக்களுக்கு எதிரான போரில் சண்டை போட்டவன். வழியில், சரக்கு கொண்டுபோய்த் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பூர்வகுடி இளைஞனைச் சந்தித்தார்கள். பெயர் பெனோவான்யான்குவிஸ். உட்கார், புகை பிடிக்கலாம் என்று கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தவனைக் குத்தினார்கள். அவனிடமிருந்து எடுத்தது மூன்று மேலங்கியும் ஏறக்குறைய முப்பது அடி நீளச் சிப்பி மணிச் சரமும். அவன் சாகவில்லை. ஊர்ந்து பாதைக்கு வந்து கிடந்தான். கண்டவர்களிடம் நடந்ததைச் சொன்னான். ப்ராவிடென்ஸ் ஊரை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ் ஓடிப்போய்ப் பார்த்தார். காயம் பிழைக்கவிடவில்லை.

கொலை நடந்த இடம் யார் எல்லை? மாசசூசெட்ஸ் தன் எல்லை இல்லை என்றது. கடைசியில் பிளிமத் எடுத்துக்கொண்டது. மறுபடியும் செக்குபந்திப் பிரச்சினை. இன்னொரு சிக்கல், பிணத்தைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்று நீதிமன்றம் யோசித்தது. வில்லியம்ஸும் அவரோடு போன ஒரு வைத்தியரும், அது பிழைக்க முடியாத காயம் என்று சத்தியம் செய்தார்கள். பூர்வகுடிகள் இரண்டு பேரை மிகவும் வற்புறுத்தி அழைத்து வந்தார்கள்; ஆங்கிலேயர்கள் தங்களையெல்லாம் கொல்லத் திட்டமிடுகிறார்கள் என்று அவர்களுக்குப் பயம். அந்த இரண்டு பேரும் எடுத்த சத்தியம் இது: அந்தக் காயத்தால் அவன் சாகவில்லை என்றால் எங்களைக் கொல்லுங்கள்.

சொல்லிக்கொண்டிருந்தபோது அப்பா என்னை நிறுத்தினார். “அவங்க உயிரையே ஜாமீனா வெச்சாங்களா?”

ஆமாம். வெள்ளைக்காரச் சாட்சி சத்தியம் செய்தால் போதும். இவர்கள் உயிரை அடகு வைக்க வேண்டியிருந்தது. ஆனாலும் கேட்டார்கள், நம்பினார்கள். நாலு பேரில் ஒருவன் தப்பிவிட்டான். மற்ற மூன்று பேருக்கும் செப்டம்பரில் தூக்கு. கொல்லப்பட்டவனின் உறவினர்கள் முன்னிலையில். ஒரு இந்தியனுக்காக ஆங்கிலேயனைத் தூக்கில் போடுவதா என்று விவரமில்லாத சிலர் முணுமுணுத்தார்கள் என்று பிராட்ஃபோர்ட் எழுதுகிறார். அந்த முணுமுணுப்பை மீறி நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். பயமும் ஒரு காரணம். நாரகன்செட் என்ற பூர்வகுடி மக்கள் திரண்டு வந்தால் என்னாவது என்ற கணக்கு இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். பலம் கிட்டத்தட்டச் சமமாக இருந்த நாளில் சட்டமும் சமமாக நின்றது என்று வேண்டுமானால் சொல்லுங்கள், மறுக்கமாட்டேன்.

(இதற்கு ஒரு வால் உண்டு. ஹாப்கின்ஸ் வீட்டு வேலைக்காரி டாரதி டெம்பிளின் வயிற்றில் அந்தப் பீச்சின் குழந்தை. பிரசவமானதும் ஹாப்கின்ஸ் அவளை வெளியே தள்ளினார். அவளுடைய வேலை ஒப்பந்தக் காலம் முடியும்வரை நீதான் காப்பாற்ற வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. மாட்டேன் என்றதற்கு அவரையே காவலில் போட்டது. அந்தப் பெண்ணுக்கும் இரண்டு முறை சாட்டையடி என்று தீர்ப்பு. முதல் முறையிலேயே மயங்கி விழுந்தாள். இரண்டாவது அடி நடக்கவில்லை.)

இதெல்லாம் பிளிமத்தில். இரண்டு வருஷம் கழித்து, 1640இல், வர்ஜீனியாவில் மூன்று வேலைக்காரர்கள் சேர்ந்து ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். ஒருவன் டச்சுக்காரன், ஒருவன் ஸ்காட்லாந்துக்காரன்; அவர்களுக்கு நாலு வருஷம் கூடுதல் வேலை. மூன்றாமவன் ஜான் பஞ்ச் என்ற கறுப்பன். அவனுக்கு ஆயுள் முழுக்க. தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டசபை அமெரிக்காவின் ஆங்கிலக் குடியேற்றங்களிலேயே முதலில் கூடிய இடம் அதே வர்ஜீனியாதான், 1619இல். மாசசூசெட்ஸ் 1641இல் போட்ட சட்டத்தொகுப்பு, உள்ளூர்க்காரனோ வெளியூர்க்காரனோ எல்லோருக்கும் ஒரே நீதி என்று இரண்டாவது பிரிவிலேயே சொல்கிறது. அதே தொகுப்பு, போரில் பிடிபட்டவர்களையும் விலைக்கு வந்தவர்களையும் அடிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று பின்னால் ஒரு பிரிவில் வழிவிடுகிறது.

பிளிமத்துக்குத் திரும்புவோம். அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வந்து கோல்ஸ் ஹில் என்ற சின்ன மேட்டில் ஏறினோம். முதல் குளிர்காலத்தில் செத்தவர்களை, கிட்டத்தட்டப் பாதிப் பேர், அங்கேதான் புதைத்தார்கள் என்பார்கள். இப்போது அங்கே வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் தலைவர் மாசசாயிட்டின் சிலை, கடலைப் பார்த்து நிற்கிறது. 1621 மார்ச்சில் அவரோடு செய்த உடன்படிக்கைதான் மிஞ்சியவர்களைப் பிழைக்க வைத்தது. அந்த உடன்படிக்கைக்கு இரண்டு வாசகம் இருக்கிறது. 1622இல் அச்சானதில், உங்கள் ஆட்கள் எங்களிடம் வரும்போது வில்லையும் அம்பையும் விட்டுவிட்டு வர வேண்டும், நாங்கள் உங்களிடம் வரும்போது துப்பாக்கியை விட்டுவிட்டு வருவோம் என்று இருக்கிறது. பிராட்ஃபோர்ட் பின்னால் எழுதிய பிரதியில் முதல் பாதி மட்டும்தான், துப்பாக்கியைக் காணோம். இரண்டு பிரதியிலும் பொதுவானது ஒன்று: மாசசாயிட்டின் ஆள் ஆங்கிலேயனுக்குத் தீங்கு செய்தால் அவனை ஒப்படைக்க வேண்டும், ஆங்கிலேயர்கள் தண்டிப்பார்கள். ஆங்கிலேயனை ஒப்படைப்பது பற்றி எந்தப் பிரதியிலும் இல்லை.

“ஒரு ஷரத்து நகல்ல விட்டுப்போச்சுன்னா ரெண்டு காரணம்தான் இருக்கும். ஒண்ணு கை தவறியிருக்கணும்...” என்று ஆரம்பித்த அப்பா மீதியைச் சொல்லவில்லை.

அப்புறம் அவருக்கு ஜான் சாசமன் கதையைச் சொன்னேன். அவருக்காகவே எடுத்துவைத்திருந்த கதை அது. சாசமன் பூர்வகுடியில் பிறந்தவர், கிறிஸ்தவராகி, ஆங்கிலம் எழுதப் படிக்கக் கற்று, ஹார்வர்டில்கூடக் கொஞ்ச நாள் இருந்தவர். மாசசாயிட்டின் மகன் மெட்டகாமுக்கு எழுத்தராக வேலை பார்த்தார். ஆங்கிலேயர்கள் மெட்டகாமை பிலிப் அரசர் என்பார்கள். அவர் தன் உயிலை எழுதச் சொல்ல, சாசமன் நிலத்தில் பெரும்பகுதியைத் தன் பெயருக்கு எழுதிக்கொண்டு, படித்துக் காட்டும்போது மெட்டகாம் சொன்னது போலவே படித்துக் காட்டினாராம். வெளியே தெரிந்ததும் ஓடிவிட்டார். மெட்டகாம் தரப்பினர் இப்படிச் சொன்னதாக, ரோட் ஐலண்டின் துணை ஆளுநராக இருந்த ஜான் ஈஸ்டன் எழுதிவைத்திருக்கிறார்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, எங்கள் தாலுகாவிலேயே ஒருவர் கண் தெரியாத ஒரு கிழவிக்கு அப்படிச் செய்ததைச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. “‘படிக்கக் கேட்டு, சரியென ஒப்பி’ன்னு கடைசி வரி எழுதுவோம் பாரு. எழுதறவன் நாக்குலதான் அந்த வரி நிக்குது” என்றார்.

1675 ஜனவரி வாக்கில் அசாவம்ப்செட் ஏரியின் பனிக்கட்டிக்கு அடியில் சாசமனின் உடல் கிடைத்தது. மெட்டகாமுக்கு நெருக்கமான மூன்று பேர் மீது கொலை வழக்கு. ஜூனில் பிளிமத்தில் விசாரணை. 12 ஆங்கிலேய ஜூரிகள், கூட ஆலோசனைக்கு ஆறு பூர்வகுடியினர். நேரில் பார்த்த சாட்சி ஒரே ஒருவர், அவரும் பூர்வகுடி. குன்றின் மேலிருந்து பார்த்தேன் என்றார். பக்கத்து மாசசூசெட்ஸின் சட்டத்தில், இரண்டு மூன்று சாட்சி அல்லது அதற்கு ஈடான ஆதாரம் இல்லாமல் யாரையும் கொல்லக் கூடாது என்று 34 வருஷமாக எழுதியிருந்தது. மூன்று பேருக்கும் மரண தண்டனை.

அதே மாதத்தில், போர் வெடிப்பதற்குச் சில நாள் முன்னால், ஈஸ்டன் ஆயுதம் இல்லாமல் நாலு பேரோடு படகேறிப் போய் மெட்டகாமைச் சந்தித்தார். சண்டை வேண்டாம், நடுவர் வைத்துத் தீர்க்கலாம் என்று பேசினார். மெட்டகாமும் அவருடைய ஆட்களும் அடுக்கிய குறைகளை அப்படியே எழுதிவைத்தார். அதில் ஒன்று: எங்களில் யோக்கியமானவர்கள் 20 பேர் வந்து ஓர் ஆங்கிலேயன் எங்களுக்கு அநியாயம் செய்தான் என்று சாட்சி சொன்னாலும் அது ஒன்றுமில்லை, எங்களில் படுமோசமான ஒருத்தன் எங்களுக்கு எதிராக, எங்கள் அரசனுக்கே எதிராகச் சொன்னாலும், அது ஆங்கிலேயருக்கு வசதியாக இருந்தால் போதும். இன்னொன்று: நீங்கள் வந்தபோது எங்கள் அரசனின் அப்பா பெரிய மனிதர், நீங்கள் சின்னக் குழந்தை மாதிரி, மற்றவர்கள் உங்களைத் தொடாமல் பார்த்துக்கொண்டார், சோளம் கொடுத்தார், நடவு கற்றுக்கொடுத்தார், இன்று அவர் மகனிடம் இருப்பதைப் போல நூறு மடங்கு நிலம் விட்டுக்கொடுத்தார்.

நடுவர் யோசனை அவர்களுக்குப் பிடித்த மாதிரிதான் இருந்தது என்கிறார் ஈஸ்டன். ஆனால் அந்த மாதமே போர் தொடங்கிவிட்டது. 1676 ஆகஸ்டில் மெட்டகாம் சுட்டுக் கொல்லப்பட்டார். தலை பிளிமத்துக்கு வந்து சேர்ந்தது, ஊர் நன்றி வழிபாட்டுக்குக் கூடியிருந்த நாளில். 20 வருஷத்துக்கு மேல் கம்பத்தில் இருந்தது. அவருடைய ஒன்பது வயது மகனை என்ன செய்யலாம் என்று போதகர்களைக் கேட்டார்கள். வேதத்திலிருந்து மேற்கோள் காட்டிப் பதில்கள் வந்தன. கடைசியில் அடிமையாக விற்றார்கள். மாசசாயிட்டின் பேரன்.

பிளிமத்துக்குக் கடைசிவரை அரச சாசனம் கிடைக்கவே இல்லை. நிலத்துக்குப் பட்டயம் இருந்தது. ஆட்சிக்கு, அந்த 41 கையெழுத்தும் பழக்கமும்தான். 1691இல் அரசாங்கம் அதை மாசசூசெட்ஸோடு சேர்த்துவிட்டது. அதன் பழைய பதிவேடுகள் இன்றும் அந்த மாவட்டத்தின் பத்திரப்பதிவு அலுவலகத்தின் பொறுப்பில்தான் இருக்கின்றன. இதைச் சொன்னதும் அப்பா முகம் மாறிவிட்டது. “ரிஜிஸ்டர் ஆபீஸ்லயா? வா, போலாம்.” அன்று சனிக்கிழமை. பூட்டியிருக்கும் என்றேன். வெளியிலிருந்து பார்த்தால் போதும் என்றார். அம்மாவுக்குக் கால் வலி. போகவில்லை.

வீட்டுக்கு வந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, அருங்காட்சியகத்தில் கொடுத்த தாளின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். மேஃப்ளவர் ஒப்பந்தத்தை நம் ஊர்ப் பத்திர நடையில் எழுதியிருந்தார். “1620ஆம் வருஷம் நவம்பர் மாதம் 11ஆம் தேதியில் நாங்கள் எங்கள் மனப்பூர்வமாய் எங்களுக்குள் எழுதிக்கொண்ட உடன்படிக்கை” என்று ஆரம்பம். சொத்து விவரம் என்ற இடத்தில் செக்குபந்தி எழுதாமல் கோடு போட்டிருந்தார். கீழே ‘சாட்சிகள்’ என்று எழுதி, 1, 2 என்று எண் போட்டு, இரண்டையும் காலியாக விட்டிருந்தார்.

“இதை ஏன்ப்பா விட்டுட்டீங்க?”

“கரையில நின்னு பார்த்துட்டிருந்திருப்பாங்கல்ல, அவங்க பேர் தெரியலையே” என்றார்.